ஊர்ப் போர் நினைவுக்கல்லைச் சீரமைக்கப் போகிறீர்களா? கல்லில் கை வைப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

எங்கள் ஊர் வட ஆற்காட்டுப் பக்கம். வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அப்படிப்பட்ட ஊரில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், டீக்கடைக் கழுவுதண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு சின்ன மேடையும் அதில் பதித்த வெள்ளைக்கல்லும் கேட்பாரற்றுக் கிடந்தன. இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 பெரும்போருக்கு (முதல் உலகப் போர்தான்) இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிய கல். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் இதே வாசகத்தைப் பார்த்திருப்பீர்கள்: போனவர்கள் 277, உயிரைக் கொடுத்தவர்கள் 14. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்தக் கல் உண்டு. பெரும்பாலானவற்றின் மேல் சுண்ணாம்பும் போஸ்டரும்தான்.

அதைச் சீர் செய்து, ஊரின் முன்னாள் படைவீரர்களைக் கூட்டி மரியாதை செய்ய எங்களுக்குப் பதினைந்து மாதம் பிடித்தது. ஒன்பது மாதத்தில் முடித்திருக்கலாம். மீதி ஆறு மாதம் எங்கே போனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1. கல் அப்புறம், ஆட்களைக் கணக்கெடுங்கள்

நாங்கள் செய்த முதல் தப்பு, நேராகக் கொத்தனாரிடம் போனது. நீங்கள் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். உயிரோடு இருக்கும் முன்னாள் படைவீரர்கள், காலமானவர்களின் மனைவிமார், பணியில் இறந்தவர்களின் குடும்பம் என்று மூன்று பட்டியல். ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பனார் பெயர், படை எண், ரெஜிமென்ட், சேர்ந்த வருடம், வெளியே வந்த வருடம். எல்லாம் டிஸ்சார்ஜ் புக்கிலும் பென்ஷன் ஆணையிலும் இருக்கும்.

அசலை யாரிடமிருந்தும் வாங்காதீர்கள். வீட்டுத் திண்ணையிலேயே வைத்து போனில் படம் எடுத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெரிதுபடுத்துவதற்காக ஒரு பாட்டியிடமிருந்து அவர் கணவரின் ஒரே யூனிபார்ம் படத்தை வாங்கி ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தோம். படம் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போக எனக்குக் கால் வராது.

இந்தக் கணக்கெடுப்பில் வேறொன்றும் வெளிப்படும். குடும்ப ஓய்வூதியம் வர வேண்டியது வராமல் இருக்கும் பெண்கள் கண்டிப்பாக ஓரிருவராவது இருப்பார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: படை ஆவணத்தில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. அல்லது மனைவி பெயரைப் படைப் பதிவில் சேர்க்கும் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவே போடாமல் விட்டிருப்பார்கள். கல் வேலை கிடக்கட்டும், இவர்களை முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் இடம் சொல்வார்கள். அங்கே உதவி இயக்குநர்தான் பொறுப்பு, அவரே ஒரு முன்னாள் ராணுவ அதிகாரியாக இருப்பது வழக்கம். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி, ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தவர்களின் மனைவிமாருக்கு மாநில அரசின் மாத உதவித்தொகை உண்டு. எங்கள் ஊரில் ஒருவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாங்கள் உருப்படியாகச் செய்த முதல் வேலை அவருக்கு மனு எழுதியதுதான்.

காலம்: ஒரு மாதம். செலவு: நோட்டும் பெட்ரோலும்.

2. கல்லைப் படியுங்கள், தொடாதீர்கள்

பகலில் எங்கள் கல்லில் பாதி எழுத்து தெரியவில்லை. ஊரில் ரிட்டயர்டு சுபேதார் ஒருவர் இருக்கிறார். "ராத்திரி வாப்பா, டார்ச் எடுத்துக்கினு வா" என்றார். இரவு ஒன்பது மணிக்குப் போனோம். டார்ச்சை நேராகப் பிடிக்காமல், கல்லின் பக்கவாட்டில், பரப்போடு ஒட்டினாற்போலப் பிடித்தார். சுண்ணாம்புக்கு அடியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக நிழல் கட்டி எழும்பி வந்தது. கடைசி வரியில் எண்ணைப் படித்ததும் சுபேதார் ஐயா டார்ச்சை அணைத்துவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இப்படி நாலு பக்கமிருந்தும் வெளிச்சம் அடித்துப் படம் எடுங்கள். எழுத்து தெரிவதற்காக எண்ணெய், சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்காதீர்கள். நீளம், அகலம், கனம் அளந்து எழுதி வையுங்கள். விரிசல் எங்கே, எந்த மூலை உடைந்திருக்கிறது என்று ஒரு காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். பின்னால் "நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்று பேச்சு வரும்போது இந்தப் படங்கள்தான் காப்பாற்றும்.

இன்னொன்று. கல்லில் 1919 என்று இருப்பதைப் பார்த்து, ஊரில் படித்தவர் யாராவது ஒருவர் "போர் 1918-ல் முடிந்துவிட்டதே, தப்பாக இருக்கிறது, திருத்திவிடலாம்" என்பார். திருத்தக் கூடாது. சண்டை நின்றது 1918 நவம்பர் 11, சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன். கல் சரியாகத்தான் சொல்கிறது.

3. கல் நிற்கும் இடம் யாருடையது?

ஆறு மாதத்தில் பாதியை விழுங்கியது இந்தக் கேள்விதான். "ஊர்ப் பொது இடம்" என்பது அரசாங்கப் பதிவேட்டில் இல்லாத சொல். கிராம நத்தமா, சாலைப் புறம்போக்கா, பள்ளிக்கூட இடமா, கோயில் இடமா என்று பார்க்க வேண்டும். சர்வே எண்ணை வி.ஏ.ஓ.விடம் கேட்டு வாங்குங்கள். 'அ' பதிவேட்டையும் (நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்வது) புலப்படத்தையும் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்) அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். இரண்டையும் அச்செடுத்து, கல் இருக்கும் இடத்தைச் சிவப்பு மையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த மேசைக்குப் போனாலும் இந்த இரண்டு தாளையும் முதலில் வையுங்கள், பேச்சு பாதியாகக் குறையும்.

சாலைப் புறம்போக்கு என்றால் கவனம். அந்தச் சாலை ஊராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று பாருங்கள். நெடுஞ்சாலை என்றால், அகலப்படுத்தும் திட்டம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். திட்டம் இருந்தால் கல்லை இடம் மாற்றும் வேலையையும் இதோடு சேர்த்து ஒரே தடவையாக முடித்துவிட வேண்டும். பழைய கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ராணுவ வீரர் சிலையும் வைத்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். பொதுச் சாலையில் புதிதாகச் சிலை வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லியிருக்கிறது. சிலைக்கு அனுமதி கேட்டு மனுப் போட்டால் உங்கள் கல் மனுவும் அதே கோப்பில் மாட்டிக்கொள்ளும். எங்களுக்கு நடந்தது.

பக்கத்தில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயிலோ கோட்டையோ இருந்தால், 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது. அதற்கு மேல் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும்.

ஓர் அலுவலகத்தில் எங்கள் கடிதத்துக்கு ஏழு வாரம் பதில் இல்லை. பிறகு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனுப் போட்டோம்: "இந்தச் சர்வே எண்ணில் உள்ள நினைவுக்கல் யார் பராமரிப்பில் உள்ளது?" முப்பது நாளில் பதில் வந்தது: "இவ்வலுவலகக் கோப்புகளில் விவரம் இல்லை." அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது. யாருடையதும் இல்லை என்றால் ஊராட்சி தீர்மானம் போட்டு எடுத்துக்கொள்ளலாமே!

4. கிராம சபைத் தீர்மானம்

ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு மாதமாவது, சில சமயம் மூன்றரை மாதம் வரைகூட, காத்திருக்க வேண்டும். மே 1-க்கு நாங்கள் வெறும் கையோடு போனோம். பொருள் பட்டியலில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் 15 அன்று குடிநீர்ச் சண்டையிலேயே கூட்டம் முடிந்தது. அக்டோபர் 2-ல்தான் நிறைவேறியது.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஊராட்சித் தலைவரிடமோ, தலைவர் பதவி காலியாக இருந்தால் தனி அலுவலரிடமோ எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். மூன்று விஷயம் அதில் இருக்க வேண்டும்: சர்வே எண், பழைய கல்லில் எந்த மாற்றமும் செய்யாமல் சீரமைக்க ஒப்புதல், இனிமேல் பராமரிப்பு ஊராட்சியின் பொறுப்பு. மூன்றாவதை விட்டுவிட்டால் அடுத்த வருடம் பல்பு மாற்றக்கூட ஆள் இருக்காது. தீர்மான நகலை அன்றே கேளுங்கள். ஒரு வாரம் போனால் நோட்டு வேறு ஆபீசில் இருக்கும்.

5. பணம்

எங்களுக்கு மொத்தம் 1,38,000 ரூபாய் ஆனது. மேடையும் சுண்ணாம்பு வேலையும் 41,000. புதுக் கிரானைட் பலகையும் எழுத்தும் 34,000. பழைய கல்லைத் துடைத்த வேலை 14,000. கம்பித் தடுப்பும் விளக்கும் 12,500. விழா 32,000. அலைச்சல், ஜெராக்ஸ், டீ 4,500. உங்கள் ஊரில் கூலிக்குத் தக்கபடி கூடும், குறையும்.

எம்.பி. தொகுதி நிதியை நம்பி மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். நினைவுச்சின்னங்களுக்கு அந்த நிதியில் இடமில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தன் பொறுப்பில் உள்ள கல்லறைகளையும் நினைவுச்சின்னங்களையும்தான் பார்த்துக்கொள்கிறது, ஊர்க்கல்லுக்குப் பணம் தராது. 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர்ப் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று கட்டினால் மீதியை அரசு தரும். சுற்றுச்சுவர், தரைத்தளம் போன்றவற்றுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். நாங்கள் வசூலிலேயே முடித்துக்கொண்டோம்.

வசூல் என்றால் ரசீது புத்தகம், இருவர் கையெழுத்துப் போடும் வங்கிக் கணக்கு. ஒருவருடைய சொந்த ஜி-பே எண்ணுக்கு ஊரே பணம் அனுப்புவது சண்டைக்கு விதை. நன்கொடையாளர் பெயர் விஷயத்தையும் முதல் நாளே பேசித் தீர்த்துவிடுங்கள். கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சத்தையே மறைக்கும்படி 'உபயம்' எழுதுவோமே, அந்தப் பழக்கம் இங்கேயும் வரும். எங்கள் முடிவு: நன்கொடையாளர் பெயரெல்லாம் ஊராட்சி அலுவலகச் சுவரில். நினைவு மேடையில் போருக்குப் போனவர்களைத் தவிர வேறு யார் பெயரும் கிடையாது. இதனால் ஒரு பெரிய தொகை வராமலே போனது. போகட்டும்.

6. பெயர்ப் பட்டியல்

பழைய கல்லில் எண்ணிக்கைதான் இருக்கும், பெயர் இருக்காது. பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, புதிய பலகையில் பக்கத்தில் வைக்க வேண்டும். பழைய கல்லில் ஓர் எழுத்துகூடப் புதிதாக வெட்டக் கூடாது.

முதல் உலகப் போரில் இறந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் காசில்லாமல் தேடலாம். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்கள் அதில் வருவார்கள். நம் ஆட்கள் பலருக்கும் கல்லறை கிடையாது. ஈராக்கில் பாஸ்ரா நினைவுச்சின்னம், பிரான்சில் நவ் ஷாப்பல், சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ள மெட்ராஸ் 1914–1918 நினைவுச்சின்னம் என்று ஏதாவது ஒன்றின் கீழ் பெயர் பதிவாகியிருக்கும். பாஸ்ராவில் இந்தியச் சிப்பாய்களின் பெயரைச் சுவரில் பொறிக்கவில்லை, எண்ணிக்கை மட்டும்தான். அதனால் சுவரின் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், பதிவில் தேடுங்கள்.

தேடும் முறை முக்கியம். இன்றைய ஊர்ப்பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. வெள்ளைக்காரன் எழுதிய ஸ்பெல்லிங் வேண்டும்: வந்தவாசி 'வாண்டிவாஷ்', திருச்சி 'ட்ரிச்சினோபொலி', தஞ்சை 'டான்ஜோர்'. இன்றைய மாவட்டப் பெயர் அந்தக் காலத்தில் கிடையாது, எங்களுக்கு 'நார்த் ஆர்காட்'. ரெஜிமென்டை வைத்துத் தேடுவது இன்னும் எளிது: மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், 61 மற்றும் 64-ஆம் பயனியர்ஸ், 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. அதில் வடிகட்டி, தகப்பனார் பெயரும் ஊரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எங்கள் கல் சொன்ன ஆறு பேரில் நான்கு பேரைக் கண்டுபிடித்தோம். மற்ற இரண்டு இடத்தை ஊகத்தில் நிரப்பவில்லை. பலகையில் "மேலும் இருவர்" என்று போட்டிருக்கிறோம்.

சுதந்திரத்துக்குப் பின் இறந்தவர்களுக்கு டெல்லி தேசியப் போர் நினைவிடத்தின் பட்டியல் இருக்கிறது. இலங்கைக்கு அமைதிப் படையில் போனவர்களும் அதில் உண்டு. சந்தேகம் வந்தால் ரெஜிமென்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குப் படை எண்ணோடு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். நல அலுவலகத்தின் வழியாக அனுப்பினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டை வரும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை மூன்று. ஒன்று, யார் பெயர் முதலில்? அகர வரிசைதான், பதவி வரிசை கிடையாது. இரண்டு, பெயருக்குப் பின்னால் சாதி. கிடையாது, ஒருவருக்கும் கிடையாது. மூன்று, சண்டையில் இறந்தவரும் பணியில் நோயில் இறந்தவரும் ஒன்றா? ஒன்றுதான் என்று முடிவு செய்தோம். இந்த மூன்றையும் பெயர் சேகரிப்பதற்கு முன்னாலேயே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பெயர் வந்த பிறகு விதி போட்டால், யாரைக் கழிக்கப் போட்ட விதி என்றுதான் ஊர் கேட்கும்.

7. கல் வேலை

இங்கேதான் ஈடு செய்ய முடியாத தப்பு நடக்கும். ஆசிட் வேண்டாம். பளிங்கு ஆசிட்டில் கரையும், எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். கிரைண்டர், உப்புத்தாள், மணல் பீச்சும் மெஷின், பிரஷர் வாஷ் எதுவும் வேண்டாம். முதலில் தண்ணீரில் நனைத்து, மென்மையான நைலான் பிரஷ், தேவைப்பட்டால் காரமில்லாத சோப்பு. சுண்ணாம்பு அடுக்குகளை ஊறவைத்து மூங்கில் சீவலால் மெல்ல எடுக்க வேண்டும். இரும்புக் கரண்டி கூடவே கூடாது. எனாமல் பெயின்ட் இருந்தால், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு ரிமூவர் போடலாம். இரண்டு பேர் ஆறு நாள் உட்கார்ந்து செய்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் "இதுக்கா ஆறு நாள்?" என்றார்கள்.

கல்லின் மேல் விபூதியும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தன. ஒரு ஆயா வெள்ளிதோறும் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மாமனார் போனவராம், கல்லையே அவராக நினைத்துக் கும்பிட்டிருக்கிறார். எடுக்கச் சொல்லிக் கட்டளை போடாதீர்கள். ஒரு அடி தள்ளி விளக்கு மாடம் கட்டிக் கொடுத்தோம். "அவருக்கு எண்ணெ சுடுதுன்னு சொல்லு, நான் தள்ளி வெக்கறேன்" என்று ஆயாவே சொல்லிவிட்டார்.

மேடை பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் என்றால் சிமென்ட் பூசாதீர்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே உப்புக் கட்டி, கல் முகம் செதில் செதிலாக உதிரும். நாங்கள் ஊரில் இல்லாத ஒரு நாளில் கொத்தனார் நல்லெண்ணத்தில் ஓரத்தில் சிமென்ட் வைத்து இறுக்கிவிட்டார். மறுபடி எடுக்கும்போது பளிங்கின் கீழ்மூலை நகக்கண் அளவு உடைந்தது. அந்தத் துண்டைப் பொட்டலம் கட்டி ஊராட்சி பீரோவில் வைத்திருக்கிறோம். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களைப் பழைய கோயில் திருப்பணி நடக்கும் இடங்களில் தேடுங்கள். சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். பூசிய பிறகு இரண்டு மூன்று வாரம் ஈரச் சாக்குப் போட்டுக் காக்க வேண்டும். தை, மாசியில் தொடங்குவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் மழை கரைத்துவிடும்.

புதுப் பலகைக்கு எழுத்துக் கணக்கில்தான் கூலி. எங்களுக்கு எழுத்துக்கு 15 ரூபாய். 'கொ' ஒரு எழுத்தா, கொம்பும் காலும் சேர்த்து மூன்றா என்று முன்பே கேளுங்கள். எங்கள் பில் அதில்தான் எகிறியது. வெட்டுவதற்கு முன் முழு அளவில் காகிதத்தில் அச்செடுத்து, ஒவ்வொரு குடும்பத்திடமும் அவரவர் பெயர் வரும் இடத்தில் கையெழுத்து வாங்குங்கள். கிரானைட்டில் ரப்பர் வேலை செய்யாது. பலகையின் தலையில் அசோகச் சிங்க முத்திரையைப் போடாதீர்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு முத்திரையைத் தனியார் பயன்படுத்தக் கூடாது.

8. விழா

தேதி: ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், ஆனால் நமக்குப் போகி, பொங்கல். ஒருவரும் வரமாட்டார்கள். நவம்பர் 11 மழை. டிசம்பர் 7 கொடிநாள், அன்று நல அலுவலகத்தாருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. நாங்கள் ஜூலை 26, கார்கில் நாளை எடுத்துக்கொண்டோம். காலை எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதேகாலுக்கு முடித்தோம்.

தேசியக் கொடியைக் கல்லின் மேல் போர்த்தித் திறக்காதீர்கள். கொடி விதிப்படி அது கூடாது. கொடி தனியாக, தெளிவாகத் தெரியும்படி பறக்க வேண்டும். திறப்புக்கு ஒரு வெள்ளைத் துணி போதும். கொடியை நீங்களாகவே அரைக்கம்பத்தில் இறக்கவும் கூடாது. ஒலிபெருக்கிக்கும் சாலையோரப் பந்தலுக்கும் காவல் நிலையத்தில் பத்து நாள் முன்பே மனு. பியூகிள் ஊத ஆள் வேண்டுமென்றால் பக்கத்து என்.சி.சி. பட்டாலியனுக்கு ஒரு மாதம் முன்பே கடிதம்.

சிறப்பு விருந்தினருக்காகப் பெரியவர்களை வெயிலில் உட்கார வைக்காதீர்கள். வராவிட்டால் ஊரின் மூத்த படைவீரரே திறப்பார் என்று அழைப்பிதழிலேயே போட்டோம். விருந்தினர் வரவில்லை, சுபேதார் ஐயாதான் திறந்தார். கழிப்பறை, வீட்டிலிருந்து கூட்டி வர ஆட்டோ, முன்வரிசையில் கை வைத்த நாற்காலி ஆகியவற்றுக்குச் செலவழியுங்கள், பிளெக்ஸுக்கு வேண்டாம்.

குத்துவிளக்கு ஏற்றும் இடத்தில் கணவரை இழந்த பெண்கள் தாமாகவே பின்னால் நகர்ந்து நிற்பார்கள். ஊரும் அதை இயல்பாக எடுத்துக்கொள்ளும். முதல் திரியை அவர்கள்தான் ஏற்ற வேண்டும் என்று முந்தின நாளே பேசி வையுங்கள், மேடையில் வைத்துப் பேசினால் அவர்களுக்குத்தான் சங்கடம். எங்கள் விழாவில் ஏற்றியவருக்குக் கை நடுங்கி இரண்டு தீக்குச்சி அணைந்தது, மூன்றாவதில் பற்றியது.

9. விழா முடிந்த பிறகு

வரவு செலவுக் கணக்கைப் பத்து நாளுக்குள் ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள். எல்லாப் படங்கள், ஆவண நகல்கள், பழைய கல்லின் அளவுகள் அடங்கிய கோப்பு மூன்று: ஊராட்சிக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, நல அலுவலகத்துக்கு ஒன்று. கம்பித் தடுப்பின் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். கல்லுக்கு வருடத்துக்கு ஒரு முறை தண்ணீரும் நைலான் பிரஷ்ஷும் மட்டும்.

போகிக்கு ஒரு வாரம் முன்பே கல்லை ஒரு சாக்கால் மூடிக் கட்டிவிடுங்கள். வெள்ளையடிக்க வருகிறவருக்கு எது சுவர், எது கல் என்ற பேதமெல்லாம் கிடையாது.